காரை மூடிய லாரியில் வெளிமாநிலத்துக்கு அனுப்புவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலிருந்து புனே, குருகிராம், கொல்கத்தா என்று மாற்றலாகிப் போகிறவர்கள் வீட்டுச் சாமான்களை எப்படியோ கட்டி அனுப்பிவிடுகிறார்கள். காரில் வந்துதான் தயங்கி நிற்கிறார்கள். நண்பர்கள், உறவினர்கள், அவர்களுடைய அலுவலகத்துக்காரர்கள் என்று பலரும் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பதால், கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை இங்கே வைத்திருக்கிறேன். சொந்த உபயோகத்துக்கான காரை இந்தியாவுக்குள் சாலை வழியாக அனுப்புகிறவர்களுக்கானது இது.

மூடிய லாரி என்றால் என்ன? துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர்தானா?

இல்லை. நெடுஞ்சாலையில் நீளமாக, நான்கு பக்கமும் தகடு அடித்து, பின்பக்கம் கதவோடு போகும் டிரெய்லர்களைப் பார்த்திருப்பீர்கள். அவைதான் கார் கேரியர்கள். உள்ளே மேலும் கீழுமாக இரண்டு தட்டுகள். பின்கதவைத் திறந்து சாய்தளம் போட்டு, கார்களை ஒவ்வொன்றாக உள்ளே ஓட்டி ஏற்றுவார்கள். காரின் அளவைப் பொறுத்து ஆறு, ஏழு, எட்டு வண்டிகள் ஏறும்.

இந்த டிரெய்லர்களின் முக்கிய வேலை தொழிற்சாலையிலிருந்து புதிய கார்களை ஷோரூம்களுக்குக் கொண்டுபோவது. இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கத்திலிருந்து வடக்கே போகும்; திரும்பும்போது குருகிராம், மானேசர் பக்கத்துக் கார்களை ஏற்றி வரும். உங்கள் கார் பல நேரங்களில் இந்த ஓட்டத்தில் காலியாக இருக்கும் ஓர் இடத்தில்தான் ஏறுகிறது. காத்திருப்பு, தாமதம், விலை ஏற்ற இறக்கம் எல்லாவற்றுக்கும் பாதிக் காரணம் இதுதான். ஒரே ஒரு கார் மட்டும் ஏறும் சிறிய மூடிய லாரிகளும் உண்டு. முழு வண்டியின் வாடகையும் உங்கள் தலையில் விழும் என்பதால் விலை அதிகம். விலை உயர்ந்த காருக்கும் பழைய அரிய காருக்கும் அது தகும்.

நானே ஓட்டிக்கொண்டு போய்விட்டால் மிச்சம்தானே?

தூரத்தைப் பொறுத்தது. பெங்களூரு சுமார் 350 கிலோமீட்டர், ஹைதராபாத் 630. இவற்றுக்கு லாரி தேவையே இல்லை, ஓட்டிக்கொண்டு போங்கள். டெல்லி நாக்பூர் வழியாக ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் காருக்கு 147 லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலே பதினைந்தாயிரத்தை நெருங்குகிறது. டோல், இரண்டு மூன்று இரவு தங்கல், சாப்பாடு, நீங்கள் எடுக்கும் விடுப்பு எல்லாம் அதற்கு மேல். இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்ட முடியும், காரும் நல்ல நிலையில் இருக்கிறது, பயணமும் பிடிக்கும் என்றால் தாராளமாகப் போகலாம். தனியாளாக, அதுவும் புதிய வேலையில் சேருவதற்கு முந்தைய வாரத்தில், வேண்டாம் என்பதே என் யோசனை.

"எங்கள் டிரைவர் ஓட்டிக்கொண்டு வந்து சேர்ப்பார்" என்று மூன்றாவதாக ஒரு வழியும் சொல்வார்கள். அறிமுகம் இல்லாத ஒருவர் உங்கள் பெயரில் உள்ள காரை நான்கைந்து மாநிலங்கள் தாண்டி ஓட்டுகிறார். வழியில் விபத்து நடந்தால் வண்டி உரிமையாளர் என்ற முறையில் உங்களையும் வழக்கில் சேர்ப்பார்கள். இதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

திறந்த லாரி மலிவாக இருக்கிறதே, அதில் போட்டால் என்ன?

நூறு, இருநூறு கிலோமீட்டர் என்றால் திறந்த பிளாட்பெட் போதும். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போகும்போது முன்னால் போகும் வண்டி தெறிக்கும் கல், தாழ்ந்த மரக்கிளை, மழை, வெயில் எல்லாவற்றையும் கார் வாங்கிக்கொள்ளும். இரவில் லாரி நிற்கும் இடத்தில் கார் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி நிற்கும். மூடிய லாரியில் இந்தக் கவலைகள் குறைவு.

ஆனால் மூடிய லாரி காற்றுப் புகாத பெட்டி கிடையாது. தகடுகளின் இடுக்கு வழியாகப் புழுதி வரும், கூரையில் ஓட்டை இருந்தால் மழைநீரும் சொட்டும். கார் அழுக்காகத்தான் வந்து சேரும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். அழுக்காகக் கூடாது என்று சிலர் துணி உறை போட்டு அனுப்புகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். உறைக்கும் பெயின்ட்டுக்கும் நடுவில் தூசி சேர்ந்து, வண்டி குலுங்கும்போதெல்லாம் உரசி, மெல்லிய கீறல்களாகப் போட்டுவிடும்.

ஒருத்தர் சொல்ற ரேட்டுக்கும் இன்னொருத்தர் சொல்ற ரேட்டுக்கும் பாதிக்குப் பாதி வித்தியாசம் இருக்கே, எதை நம்புவது?

தூரம், காரின் நீள உயரம், அந்தத் தடத்தில் லாரி எவ்வளவு ஓடுகிறது என்பவைதான் விலையைத் தீர்மானிக்கின்றன. சென்னையிலிருந்து டெல்லி, புனே தடங்களில் வண்டி நிறைய. குவாஹாட்டிக்குக் குறைவு. மே, ஜூனில் பள்ளி மாற்றங்களோடு சேர்ந்து இடமாற்றங்களும் வருவதால் இடம் கிடைப்பதே சிரமம்.

மொத்த விலையை விட, அதற்குள் என்னென்ன அடங்குகிறது என்று கேளுங்கள். வீட்டில் வந்து எடுப்பது, அங்கே வீட்டில் கொண்டுவந்து தருவது, ஜிஎஸ்டி, லாரி நிரம்பும் வரை கார்களை நிறுத்தும் யார்டில் நிற்கும் வாடகை, எல்லாம் சேர்த்தா? பதிலை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். மற்ற எல்லோரையும் விட ஒருவர் மட்டும் மிகக் குறைவாகச் சொன்னால், மீதிப் பணம் பின்னால் வேறு பெயரில் வரும் என்று எதிர்பார்க்கலாம். அது எப்படி வரும் என்பதை, வழியில் பணம் கேட்பது பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

லாரி எங்க வீட்டு வாசலுக்கே வருமா?

அவ்வளவு நீளமான டிரெய்லர் உங்கள் தெருவில் திரும்ப முடியாது, பகலில் நகரத்துக்குள் கனரக வண்டிகளுக்குக் கட்டுப்பாடும் உண்டு. அதனால் கம்பெனி ஆள் ஒருவர் வந்து உங்கள் காரை ஓட்டிக்கொண்டு யார்டுக்குப் போவார். சென்னையில் மாதவரம், பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் பக்கங்களில் இந்த யார்டுகள் இருக்கும். அங்கே லாரி நிரம்பும் வரை கார் நிற்கும். போய்ச் சேரும் ஊரிலும் இதே கதை தலைகீழாக நடக்கும்.

இந்தப் பக்கம் முழுவதிலும் நான் வலியுறுத்த விரும்புவது இதைத்தான்: நெடுஞ்சாலையில், லாரிக்குள் கட்டிப்போட்டிருக்கும்போது காருக்கு ஆபத்து குறைவு. கீறலும் நெளிவும் பெரும்பாலும் விழுவது வீட்டிலிருந்து யார்டுக்குப் போகும்போதும், யார்டில் நிற்கும்போதும், ஏற்றி இறக்கும்போதும்தான். முடிந்தால் நீங்களே யார்டு வரை ஓட்டிப் போய்க் கொடுங்கள், அங்கே நீங்களே போய் எடுங்கள். யார்டு எங்கே என்று சொல்லவே மறுக்கும் கம்பெனியிடம் காரைத் தராதீர்கள்.

எத்தனை நாளில் வந்து சேரும்?

லாரி கிளம்பிவிட்டால் சென்னை–டெல்லி தூரத்துக்கு நான்கைந்து நாள் ஓட்டம். கிளம்புவதற்கு முன் நிரம்பக் காத்திருப்பது, வழியில் மற்றக் கார்களை இறக்குவது, போன இடத்தில் நகருக்குள் நுழைய இரவு வரை நிற்பது எல்லாம் சேர்ந்தால் ஒன்றரை, இரண்டு வாரம் ஆவது சாதாரணம். கம்பெனி "ஏழு நாள்" என்று சொன்னால், அது காரைக் கொடுத்த நாளிலிருந்தா, லாரி புறப்பட்ட நாளிலிருந்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வேலையில் சேரும் முதல் நாளே கார் வேண்டும் என்று திட்டமிட வேண்டாம்.

கொடுப்பதற்கு முன் காரில் என்னென்ன செய்யணும்?

முதலில் நன்றாகக் கழுவுங்கள். அழுக்குக் காரில் கீறல் தெரியாது, புகைப்படத்திலும் பதியாது. பிறகு பகல் வெளிச்சத்தில் நான்கு பக்கமும், கூரை, நான்கு சக்கரங்களின் ரிம், பம்பர்களின் கீழ் விளிம்பு, கண்ணாடிகள், உள்ளே இருக்கைகள் எல்லாம் படம் எடுங்கள். ஓடோமீட்டர் எண் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் கண்டிப்பாக வேண்டும். ஏற்கெனவே உள்ள கீறல்களையும் மறைக்காமல் எடுங்கள். அவை பதிவானால்தான் புதியது புதியது என்று நிரூபிக்க முடியும். கார் எடுக்க வருபவர் நிலைமைக் குறிப்பு ஒன்றை நிரப்புவார். அவசரமாக "பல இடங்களில் கீறல்" என்று பொதுவாக எழுதினால் விடாதீர்கள், எந்த இடத்தில் என்று எழுதச் சொல்லுங்கள்.

பெட்ரோல் கால் டாங்குக்கு மேல் வேண்டாம். யார்டுக்குப் போய்வர அது போதும். டயர்களில் காற்று சரியாக இருக்கட்டும், காற்று இறங்கிய சக்கரத்தில், அதை லாரித் தளத்தோடு கட்டும் பெல்ட் தளர்ந்துவிடும். கழற்றக்கூடிய ஆன்டெனா, கூரை கேரியர் இவற்றைக் கழற்றிவிடுங்கள். மேல் தட்டுக்கும் கூரைக்கும் நடுவில் இடம் குறைவு. காரின் கீழ்ப்பக்கம் தாழ்வாக இருந்தாலோ, பம்பருக்குக் கீழே கூடுதல் பாகம் பொருத்தியிருந்தாலோ முன்கூட்டியே சொல்லுங்கள். சாய்தளம் தொடங்கும் இடத்தில் கட்டை வைத்து ஏற்றாவிட்டால் முன்பம்பர் தரையில் இடிக்கும்.

டிக்கி காலியாத்தானே போகுது, ரெண்டு பெட்டி வைக்கலாமா?

வைக்காதீர்கள். ரசீதில் காரைத் தவிர எதுவும் இருக்காது. அந்தப் பெட்டி காணாமல் போனால் அது இருந்ததற்கே சான்று இல்லை. வழியில் சோதனை நடந்தாலும் கணக்கில் வராத சரக்கு என்று லாரியை நிறுத்தலாம். அப்புறம் மற்ற ஏழு பேரின் காரும் சேர்ந்து நிற்கும். ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பேனர் மட்டும் இருக்கட்டும், அவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சாவி ரெண்டையும் கொடுக்கணுமா? பேட்டரி டவுன் ஆகாதா?

ஒன்று போதும், மற்றது உங்களிடம் இருக்கட்டும். டேஷ்கேம், ஜிபிஎஸ் போன்றவை நிறுத்தியபோதும் மின்சாரம் இழுக்கும். டேஷ்கேமைக் கழற்றுங்கள். ஜிபிஎஸ்ஸை விட்டுவைத்தால் கார் எங்கே என்று தெரியும், பேட்டரி புதிதாக இருந்தால் அது நல்லதுதான். பேட்டரி பழையது என்றால் அனுப்பும் முன்பே மாற்றிவிடுங்கள். உயிரில்லாத காரை மேல் தட்டிலிருந்து நாலு பேர் தள்ளி இறக்கும்போதுதான் கதவும் கண்ணாடியும் இடிபடுகின்றன.

மின்சாரக் கார் என்றால் முழுதாகவும் சார்ஜ் வேண்டாம், அடியோடு இறங்கியும் வேண்டாம். பாதியளவு இருக்கட்டும். பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் சிறிய 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிட்டால் கார் கிளம்பாது என்பதை ஏற்றும் ஆளிடமும் சொல்லிவிடுங்கள்.

உள்ளே எப்படிக் கட்டுவார்கள்? நாம் பார்க்க முடியுமா?

யார்டுக்குப் போனால் பார்க்கலாம், பாருங்கள். சக்கரத்தின் மேல் பெல்ட் போட்டுத் தளத்தோடு இறுக்கி, முன்னும் பின்னும் கட்டை கொடுப்பதுதான் சரியான முறை. சக்கரம் அசையாது, அதே நேரம் காரின் சஸ்பென்ஷன் தன் போக்கில் ஏறி இறங்கும். அடிப்பக்கத்துக் கம்பிகளில் சங்கிலி மாட்டி இழுத்துக் கட்டினால் அந்தப் பாகங்கள் வளைய வாய்ப்பு உண்டு. சங்கிலியைப் பார்த்தால் எங்கே மாட்டுகிறார்கள் என்று கேளுங்கள்.

பலர் எதிர்பார்க்காத ஒன்று: லாரிச் சுவருக்கும் காருக்கும் நடுவில் கதவைத் திறக்க இடம் இருக்காது. ஏற்றியவர் ஜன்னல் வழியாகத்தான் வெளியே வருவார். அதனால் ஓட்டுநர் பக்கத்து ஜன்னல் விளிம்பிலும் இருக்கையிலும் செருப்புத் தடமும் உரசலும் வரும். இருக்கைக்கும் கதவின் உட்பக்கத்துக்கும் பழைய துணி போட்டு அனுப்புங்கள். கீழ்த் தட்டில் உள்ள காரின் மேல் மேல்தட்டுக் காரின் எண்ணெய் சொட்டுவதும் உண்டு. கேட்டால் கிடைக்கும் என்ற உறுதி இல்லை, ஆனாலும் மேல் தட்டில் ஏற்றச் சொல்லிக் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

ஒரிஜினல் ஆர்சி கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

வேண்டாம். ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று, உங்கள் அடையாள அட்டை ஆகியவற்றின் நகல்கள் போதும். நகல்களின் மேல் "கார் அனுப்புவதற்காக மட்டும்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். உபயோகத்தில் உள்ள சொந்தப் பொருட்களுக்கு ஜிஎஸ்டி விதிகளில் இ-வே பில்லிலிருந்து (சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டு) விலக்கு உண்டு. ஷோரூமிலிருந்து வரும் புதிய காரின் விஷயம் வேறு.

நீங்கள் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டியது எல்ஆர் எனப்படும் சரக்கு ரசீது. வடக்கே பில்டி என்பார்கள். அதில் காரின் எண், எஞ்சின் எண், காரின் மதிப்பு, வாடகை, லாரி எண் எல்லாம் இருக்க வேண்டும். நீங்கள் பேசிய ஆள் பல நேரம் ஏஜென்ட்டாகத்தான் இருப்பார். ரசீதில் எந்தக் கம்பெனி பெயர் இருக்கிறதோ அதுதான் சட்டப்படி உங்கள் காருக்குப் பொறுப்பு. அந்தக் கம்பெனியின் ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டுப் பெயர் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

டிரான்சிட் இன்சூரன்ஸ் என்று கார் மதிப்பில் சதவீதம் கேட்கிறார்கள். என் கார் இன்சூரன்ஸ் போதாதா?

அதிகம் பேருக்குத் தெரியாத விஷயம் இது. நம் ஊர் முழுமையான கார் பாலிசியின் வாசகத்திலேயே, சாலை, ரயில், உள்நாட்டு நீர்வழி, லிஃப்ட், விமானம் வழியாகக் கார் கொண்டுசெல்லப்படும்போது ஏற்படும் சேதமும் அடங்கும். உங்களிடம் சொந்தச் சேதத்துக்கான பகுதி இருந்தால் லாரிப் பயணத்துக்கும் அது பொருந்தும். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் பொருந்தாது. காலாவதித் தேதி பயணத்தின் நடுவில் விழுகிறதா என்றும் பாருங்கள், விழுந்தால் முன்கூட்டியே புதுப்பியுங்கள்.

ஆனால் அதில் கோரினால் நோ-கிளெய்ம் போனஸ் போகும். ஐந்து ஆண்டு கோராமல் இருந்து 50 சதவீதத் தள்ளுபடியை எட்டியவருக்கு, ஒரு பம்பர் கீறலுக்காக அதை இழப்பது நஷ்டம். அதனால் தனி டிரான்சிட் பாலிசி எடுப்பதில் பொருள் இருக்கிறது, அது உண்மையான பாலிசியாக இருந்தால். இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயரில், உங்கள் கார் எண்ணோடு சான்றிதழ் வர வேண்டும். கேரியர் தன் பில்லில் "இன்சூரன்ஸ்" என்று ஒரு வரி எழுதிப் பணம் வாங்குவது பாலிசி ஆகாது.

கார் லாரிக்குள்ள இருக்குன்னு சொல்றாங்க, ஆனா எனக்கு டோல்கேட் எஸ்எம்எஸ் வருதே?

இரண்டு காரணங்கள் இருக்கலாம். கார் பின்கதவுக்குப் பக்கத்தில் இருந்து, கண்ணாடியில் உள்ள ஃபாஸ்டாக் இடுக்கு வழியாகப் படிக்கப்பட்டிருக்கலாம். தகடு மூடிய லாரியில் இது அபூர்வம். இல்லையென்றால் காரை இறக்கி ஓட்டிக்கொண்டு போகிறார்கள். சரக்கு மாற்றும் ஊரில் யார்டுக்கு யார்டு ஓட்டுவது உண்டு, ஆனால் அடுத்தடுத்த டோல்கேட்களிலிருந்து எஸ்எம்எஸ் வந்தால் உடனே கூப்பிட்டு லாரியின் படத்தைக் கேளுங்கள். ஃபாஸ்டாக்கைக் கிழித்துவிட்டு அனுப்பாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். தவறாகக் கழிந்த பணத்துக்கு ஃபாஸ்டாக் கொடுத்த வங்கியிடமோ 1033 என்ற எண்ணிலோ புகார் செய்யலாம். ஓடோமீட்டர் படம் எடுக்கச் சொன்னதும் இதற்காகத்தான்.

பாதி வழியில் நிறுத்தி இன்னும் பணம் கேட்கிறார்கள். என்ன செய்வது?

முழுப் பணத்தையும் முன்பே கொடுத்தவர்களிடமும், எழுத்தில் எதுவும் வாங்காதவர்களிடமும்தான் இது அதிகம் நடக்கிறது. ஒரு பகுதியை ஏற்றும்போது, மீதியைக் காரைப் பார்த்த பிறகு என்று ஆரம்பத்திலேயே பேசுங்கள். மாட்டிக்கொண்டால், ரசீதில் உள்ள கம்பெனிக்கு மின்னஞ்சலில், ஒப்புக்கொண்ட தொகையையும் கூடுதலாகக் கேட்பதையும் எழுதுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. காரைத் தரவே மறுத்தால் போலீஸ் புகார். கட்டித்தான் காரை மீட்க வேண்டிய நிலை என்றால், "ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்" என்று எழுதிவிட்டு வங்கி வழியாகவே கட்டுங்கள், ரொக்கமாகத் தராதீர்கள்.

ராத்திரி பதினொரு மணிக்குக் கொண்டுவந்து கையெழுத்துப் போடச் சொன்னால்?

முடிந்தால் காலையில் வரச் சொல்லுங்கள். முடியாது என்றால் விளக்கு வெளிச்சத்தில் சுற்றிப் பார்த்துக் காணொளி எடுத்து, ரசீதில் "பகலில் சரிபார்க்க வேண்டியுள்ளது" என்று கையால் எழுதிக் கையெழுத்திடுங்கள். காலையில் கழுவி, பழைய படங்களோடு ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்ற வரிக்குக் கீழே வெறும் கையெழுத்து மட்டும் இருந்தால் பிறகு வாதாடுவது கடினம்.

சேதம் ஆகியிருக்கு. கேரியர்கிட்ட கேட்பதா, இன்சூரன்ஸ்கிட்ட கேட்பதா?

சிறு கீறல் என்றால் கேரியரிடம் பேசிப் பெயின்ட் செலவை வாங்கப் பாருங்கள். மேலே சொன்ன போனஸ் காரணம்தான். பெரிய சேதம் என்றால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு உடனே தகவல் சொல்லுங்கள். சேதத்தை மதிப்பிட அவர்கள் அனுப்பும் சர்வேயர் பார்க்கும் முன் பழுதுபார்க்கும் வேலை ஆரம்பிக்கக் கூடாது. உங்களுக்குப் பணம் கொடுத்த பிறகு, அந்தத் தொகையைக் கேரியரிடம் வசூலிக்கும் உரிமை இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போகிறது. அதனால் கேரியர் ஏதோ கொஞ்சம் பணம் கொடுத்து "இனிக் கோரிக்கை இல்லை" என்று எழுதி வாங்கப் பார்த்தால், இன்சூரன்ஸிடம் கேட்காமல் கையெழுத்திடாதீர்கள். இரண்டு பக்கமும் கெட்டுப்போகும்.

கேரியர் மேல் வழக்கு என்றால் 2007-ம் ஆண்டின் சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் பொருந்தும். அவர்கள் கவனக்குறைவாக இருந்தார்கள் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். கூடுதல் கட்டணம் கட்டி அதிகப் பொறுப்பை ஏற்கச் செய்யாவிட்டால், இழப்பீடு வாடகையைப் போல் பத்து மடங்குக்குள் நிற்கும். இருபதாயிரம் வாடகைக்கு உச்சம் இரண்டு லட்சம். பன்னிரண்டு லட்ச ரூபாய்க் காரை அனுப்புகிறவர் இன்சூரன்ஸை ஏன் விடக்கூடாது என்பது இந்தக் கணக்கில் தெரியும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால், 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம்.

அங்கே போனதும் நம்பர் பிளேட் மாத்தணுமா?

வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் புதிய பதிவெண் வாங்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். அதற்கு உங்கள் பழைய ஆர்டிஓவிடமிருந்து தடையில்லாச் சான்று தேவை. கடன் பாக்கி உள்ள கார் என்றால் வங்கியின் ஒப்புதலும் வேண்டும். நீண்ட காலம் இருக்கப் போகிறீர்கள் என்று தெரிந்தால், அபராதங்களைக் கட்டி முடித்து, ஊரில் இருக்கும்போதே சான்றை வாங்கிவிடுங்கள். புதிய மாநிலத்தில் வரி கட்டிய பிறகு, இங்கே கட்டிய ஆயுள் வரியில் மீதிக் காலத்துக்கான தொகையைத் திரும்பக் கேட்கலாம். டெல்லி வட்டாரத்துக்குப் பழைய டீசல் கார் என்றால், லாரி பேசுவதற்கு முன் அங்குள்ள வயது வரம்பைப் பாருங்கள். பத்து ஆண்டு கடந்த டீசலுக்கும் பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோலுக்கும் உள்ள தடையை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதற்குப் பிறகும் உத்தரவுகள் மாறிக்கொண்டே வருகின்றன. அனுப்பும் வாரத்தில் என்ன நிலை என்று அறிந்துகொண்டு அனுப்புங்கள்.

அந்தமானுக்கு மாற்றல். இதே பாலிசி போதுமா?

போதாது. சென்னையிலிருந்து கப்பலில் போகும் அந்தக் கடல் பயணம், மேலே சொன்ன பாலிசி வாசகத்தில் இல்லை. உள்நாட்டு நீர்வழி என்பது கடலைக் குறிக்காது. துறைமுகத்தில் காரை ஒப்படைக்கும் முன்பே தனி மரைன் பாலிசி எடுங்கள். அது வீட்டு வாசலிலிருந்து அங்குள்ள வீட்டு வாசல் வரைக்குமா, கப்பலுக்கு மட்டுமா என்று ஏஜென்ட்டிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.